நாலெழுத்து

சான்று பி-7.
கைபேசித் திரையின் படம், மங்கலான பிரதி.
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை தூக்கும்
நாட்டாமை, செபமாலை ரொக்சன்,
லொறியிலிருந்து விழுந்த மூன்றாம் நாள்
முதலாளிக்கு அனுப்பியது.
"முதலாளி, இப்ப" என்று தொடங்கி
வீ, ஏ, எல், ஐ.
பிறகு "இல்ல".
பிறகு கும்பிடும் மஞ்சள் கை ஒன்று.

நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
புதுக்கடையில் ஒரு மேசை, ஒரு முத்திரை,
பக்கத்துக்கு எழுநூறு ரூபாய்.
போன மாதம் ஒரு விவாகரத்தில்
பல்லா பாலா என்று முழுக் காலையும் போனது.
அது சிரிப்பு.
இது அப்படியில்லை.

வலி இல்லை என்று எழுதினால்
எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை மூடிவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போவார்.
வழி இல்லை என்றால்
ஒரு முதுகெலும்புக்கு விலை பேசலாம்.
லானாவுக்கும் ழானாவுக்கும் நடுவில்
நாலரை லட்சம்.

"வாயால ஒருக்காச் சொல்லுங்க தம்பி."
விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
"வளி இல்ல மிஸ்."

ளானா.
காற்றில்லை என்கிறான்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் எல்லாருடைய வழியும் வளிதான்,
நானே பரீட்சைக்காகத்தான் நாக்கை மடித்தவள்.
நாக்கு அவன் பக்கம் சாட்சி சொல்கிறது.
பி-7 வாய் திறக்காது.

"ஃபோனில தமிழ் எழுத்து இருக்கே?"
"தேடித் தேடி அமத்தோணும் மிஸ்.
ரெண்டு மூட்டைக்கு நடுவில எங்க நேரம்?"
கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

ஒருமுறை பழைய காணி உறுதி ஒன்று கைக்கு வந்தது, ஓலை.
ஒரு மெய்க்கும் புள்ளி இல்லை.
குத்தினால் ஓலை கிழியும், விட்டுவிட்டார்கள்.
எழுதினவன் விட்டதை
வாசிக்கிறவன் போட்டுக்கொண்டான்.
அந்தக் காணிக்கும் வழக்கு வந்திருக்கும்.
என்னைப் போல யாரோ ஒருவர்
எச்சில் விழுங்கிக்கொண்டு
இல்லாத புள்ளியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

இரண்டையும் எழுதி அடிக்குறிப்புப் போடலாம்தான்.
"ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள்.

அந்த வரியை வெறுமையாக விட்டுக் கோப்பைப் பையில் வைத்தேன்.

ஆமர் வீதியில் பஸ் நகரவில்லை.
எங்க என்று வீட்டிலிருந்து கேள்வி.
ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி அடித்தேன்:
வீ, ஏ, எல், ஐ, எல், ஏ.
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
நானும்தான்.
எங்கே நோகுது என்று அவர் கேட்கவில்லை.
"சோறு வைக்கிறன்" என்று பதில் வந்தது.

தெரிந்தவனுக்கு லானாவே தேவையில்லை.
அப்படியென்றால் முதலாளி?
ஒன்பது வருடம் அவன் தோளில் கடை நடத்தியவர்?

இடம் கிடைத்ததும் பி-7ஐ மறுபடி எடுத்தேன்.
பிரதி வெட்டுப்பட்ட கீழ் விளிம்பில்
தலை மட்டும் தெரிகிற ஒரு வரி, முதலாளியின் பதில்.
யன்னலோடு பிடித்து எழுத்துக் கூட்டினேன்:
"பார்ப்பம்."

வலி இல்லை என்றவனுக்கு
யாராவது பார்ப்பம் என்பார்களா?

முழங்காலில் கோப்பு.
பேனாவைத் திறந்து ழானாவின் வாலைச் சுழித்தபோது
பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.
வால் அடுத்த வரிவரைக்கும் நீண்டுவிட்டது.
அழிக்கவில்லை.