பெற்றுக்கொள்ளும் இடம்

கெமியார்வியில் ஜனவரி இருபத்தெட்டு.
மைனஸ் இருபத்தாறு.
இல்மோ கல்லுங்கியின் கடையில்
மகளை உட்காரவைத்தேன்.

அவர் மண்டியிட்டு
ஆவாவின் பாதத்தை அளவுப்பலகையில் வைத்தார்.
இடது கால் கொஞ்சம் நீளம் என்றார்.
பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன்,
எனக்குத் தெரியாது.

நாலு ஜோடி பனிச்சறுக்குக் காலணி.
ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டி, நடக்கவிட்டு,
குதிகால் தூக்குகிறதா என்று
கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார்.
கடைசி ஜோடிக்கு ஆவாவே நாடா கட்டினாள்.
முப்பத்தாறு, அகலப் பாதம்.
நீலம். நூற்று முப்பத்தொன்பது யூரோ.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்க எதுவும் இல்லை.
காரில் ஹீட்டர் சூடேறும் முன்பே,
அவர் கடை விளக்கு என் மடியில் விழுந்திருக்க,
அதே நீலம், அதே முப்பத்தாறு,
கடல் தாண்டிய ஒரு கிடங்கில் அறுபத்தொன்று.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
அழுத்தினேன்.

மிச்சம் எழுபத்தெட்டு.
ஆஸ்பத்திரித் தரையை
ஒரு ராத்திரி முழுக்கத் துடைத்தால் வருகிற காசு.
நான் வெட்கப்படவில்லை.
இப்போதும் அதைச் சொல்வேன்.

அப்புறம் தினமும் போனில்
அந்தப் பொட்டலத்தின் ஜாதகம்:
கிடங்கை விட்டுக் கிளம்பியது.
விமானத்துக்குக் காத்திருக்கிறது.
விமானத்துக்குக் காத்திருக்கிறது.
வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரில் பிரிக்கப்பட்டது.
மறுபடி அதே ஊரில் பிரிக்கப்பட்டது.
ஆவா பழைய காலணிக்குள் விரலை மடக்கிக்கொண்டு
இரண்டு ஞாயிறு ஏரிமேல் போனாள்.
மூன்றாம் ஞாயிறு வயிற்றுவலி என்றாள்.

மார்ச் நாலு. குறுஞ்செய்தி.
உங்கள் பொட்டலம் வந்துவிட்டது.
பெற்றுக்கொள்ளும் இடம்:
கல்லுங்கி விளையாட்டுப் பொருள் கடை.

முக்குக் கடை மூடிய பிறகு
பொட்டல வேலையை இவர் எடுத்துக்கொண்டது
ஊருக்கே தெரிந்திருக்கிறது.
ஆவாவை மட்டும் அனுப்பிவிடப் பார்த்தேன்.
அடையாள அட்டை வேண்டுமாம்,
அதுவும் என்னுடையது.

ஸ்கீக்கள் எல்லாம் ஒரு சுவருக்கு ஒடுங்கியிருந்தன.
மற்ற மூன்றிலும் கூரைவரை பழுப்புப் பெட்டிகள்.
என் பெட்டியை ஒரே நீட்டில் எடுத்தார்.
கருவி கீக் என்றது.
'இதில் எனக்கு முப்பது சென்ட்.'
குத்தலா, வெறும் கணக்கா, தெரியவில்லை.
கையும் களவுமாய் நின்றிருந்தேன்.
அவர் பார்த்தது ஒட்டியிருந்த சீட்டை.
'முப்பத்தாறு, அகலம்.
நான் சொன்னதுதான்.'
குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதே பெஞ்சு. ஆவா காலை நுழைத்தாள்.
முகம் சுளித்தாள்.
அவர் கட்டைவிரலால் நுனியை அழுத்தினார்.
'அரை விரல் வளர்ந்துவிட்டாய்,'
என்னிடம் அல்ல, அவளிடம்,
வாழ்த்துச் சொல்வதைப்போல.

திருப்பி அனுப்ப டேப்பும் அவரே ஒட்டினார்.
இன்னொரு கீக்.
இன்னொரு முப்பது சென்ட்.

ஜன்னலோர அலமாரியில் அந்த நீல ஜோடி
அப்படியே இருந்தது,
ஆவா போட்ட முடிச்சு அவிழாமல்.
அன்றைக்கே வாங்கியிருந்தாலும்
இந்நேரம் அதுவும் பற்றாது.
ஆனால் நடுவில்
முப்பத்தைந்து நாள் பனி இருந்தது.

முப்பத்தேழு இருக்கிறதா?
'வரவழைக்கணும். மூன்று நாள்.'
விலை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இந்தத் தடவை யோசிக்க நிறைய இருந்தது.

காரில் போன் அதிர்ந்தது:
பணம் பத்து வேலைநாளில் திரும்பும்.
பின்சீட்டில் ஆவா காலுறையை உருவிவிட்டு
ஆவி படிந்த கண்ணாடியில்
இரண்டு பாதத்தையும் பதித்தாள்.
ஒன்று கொஞ்சம் நீளம்.