முதுகெலும்பின் ஓரம்

புவெர்த்தோ மோன்ட் மீன் சந்தையில்
பதினேழாம் எண் கடை என்னுடையது.
முப்பத்தொரு வருடம்.
முதலில் கத்தியைக் கை பிடித்திருந்தது.
கடைசி ஒன்பது வருடம்
கத்திதான் கையைப் பிடித்திருக்கிறது.

காலையில் விரல்கள் திறக்க
ஒன்றேகால் மணி நேரம்.
வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றிக்கொண்டு
சன்னலில் மழையைப் பார்ப்பேன்.
இந்த ஊரில் மழைக்கு வேறு வேலை இல்லை.

முடக்குவாதம் என்று பேர் சொன்ன அன்றே
அதனிடம் பேரம் பேசினேன், தொழில் அதுதானே:
மணிக்கட்டை எடுத்துக்கொள்,
மோதிர விரலையும் எடுத்துக்கொள்
(மோதிரத்தை எப்போதோ வெட்டியாகிவிட்டது),
அதோடு நிறுத்து.

சரி என்றது போலத்தான் இருந்தது.

வாரம் ஒரு முறை போடச் சொன்ன மாத்திரையை
வாய்ப்புண் வந்ததும் விட்டுவிட்டேன்.
சனிக்கிழமைகளில் ஒருவன் வருவான்,
கால்சட்டைப் பையில் டைக்ளோஃபெனாக் அட்டைகளோடு,
சீட்டு கேட்கமாட்டான்.
அவனை விடவில்லை.
காலை இரண்டு, மதியம் ஒன்று.
சால்மன் பெட்டிகள் இறங்கும் நாளில்
எண்ணவில்லை.

கணுக்கால் வீங்கியது; ரப்பர் பூட்ஸ் என்றேன்.
சிறுநீர் நுரைத்தது; நோல்பெர்த்தோ எட்டிப் பார்த்து
பியர் கடை வைக்கலாம் என்றான்.
இருவரும் சிரித்தோம்.
படுத்தால் நெஞ்சு குத்தும்,
முன்னால் குனிந்தால் விட்டுவிடும்.
சாப்பாட்டு மேசையில் தலை வைத்துத்
தூங்கப் பழகினேன்.

டாக்டர் ஃபுவென்சாலிதா, சின்னப் பெண்,
மூச்சை நிறுத்தச் சொல்லி
வெகுநேரம் கேட்டாள்.
"உரசுகிறது."
குழலை என் காதில் மாட்டினாள்.
தெரிந்த சத்தம்.
துறையில் கட்டிய படகு
இரவெல்லாம் டயரில் உரசுமே, அது.
விரல் மூட்டில் எரிந்த அதே நெருப்பு
இதயத்தின் உறைக்குள் போயிருக்கிறதாம்.
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற சாதி.

பிறகு காகிதத்தில் ஒரு அவரை விதை வரைந்தாள்.
சிறுநீரகம்.
நோய் தின்றது கொஞ்சம், மாத்திரை தின்றது கொஞ்சம்,
எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது,
மிச்சம் முப்பத்தெட்டு சதவீதம்.

மீனுக்கு அது எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

குடலை எடுத்த பின்
முதுகெலும்பின் ஓரம் கருஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரியும்,
உறைந்த ரத்தம் என்றே நினைத்திருந்தேன்.
கரண்டி நுனியால் ஒரு இழுப்பு,
குழாயடியில் ஒரு அலசல்,
அடுத்தது.
இதயத்தை மட்டும் அடையாளம் தெரியும்:
செவுளுக்குப் பின்னால், நகத்தளவு.
பூனைக்குப் போடுவேன்.

இப்போது உப்பில்லாமல் சூப் குடிக்கிறேன்.
வார மாத்திரை ஒன்று, வேறு பேர், வியாழன்தோறும்.
டைக்ளோஃபெனாக்காரன் தலையாட்டினால்
ஏதாவது ஒரு மீனின் கண்ணைப் பார்க்கிறேன்.

நேற்று ஒரு மெர்லூசாவைத் திறந்து
அந்தக் கோட்டின் மேல் கரண்டியை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
அப்படியே பொதிந்து கொடுத்தேன்.

அரை மணியில் திரும்பி வந்தாள் அந்தம்மா:
"எதித்தா, இதைச் சுத்தமே பண்ணலையே,
கசக்கும்."

மழைக்கு விரல்கள் அதற்குள் மடங்கியிருந்தன.
கரண்டியை அவளிடமே நீட்டினேன்,
ஐந்நூறு பெசோ குறைத்துக்கொண்டேன்.