வினைமுற்று

பேராசிரியர் இங் ஸ்வீ லின் பேசி முடித்து
புக்கிட் தீமா மழைமரங்களுக்கடியில்
குடை விரித்துப் போய்விட்டார்.
என் திரையில் அவர் வாய் இன்னும் அசைகிறது.
நாற்பது வினாடி.
இரவுச் செய்திக்குள் தமிழாக வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டாக இதுதான் வேலை:
யாரோ சொன்னதை
சொன்ன அளவுக்குக் கூடாமல் குறையாமல்
என் குரலில் சொல்வது.

வழக்கு நடக்கிறது.
வழக்கு எந்த விதியின் மேல் நிற்கிறதோ
அந்த விதியைத் திருத்த
இன்று மாலை ஒரு மசோதா.
நாம் ஏறிய பேருந்து பாதி வழியில்
தன் எண்ணை மாற்றிக்கொள்ளலாமா
என்று கேட்டார் நிருபர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்
(அதற்கே நான்கு வினாடி).
"செல்லாது எனச் சிலர் வாதிடலாம்.
நீதிமன்றம் வேறுவிதமாகவும் காணலாம்.
கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது எனலாம்."

லாம், லாம், லாம்.
ஆம் என்ற வீட்டுக்கும் இல்லை என்ற வீட்டுக்கும் நடுவே
சைக்கிளும் செருப்பும் கிடக்கும் பொது நடைவழி அது.
முப்பது ஆண்டாக அங்கேதான் அவர் குடியிருப்பு.
கோப்பி-ஓ கோசோங்கை ஊதியபடி அப்துல் மாலிக் சொல்வார்:
"நாமெல்லாம் லா போட்டு முடிப்போம்,
உன் பேராசிரியர் லாம் போட்டு முடிக்கிறார்."

சிரித்தேன்.
ஒரு லாம் விட்டுப்போனதற்காக
மூன்று பத்தி மன்னிப்புக் கடிதம் எழுதியவன் நான்,
சிரிக்க எனக்கு உரிமை உண்டு.

ஒரே ஒரு முறை தாளைப் பார்த்தார்.
அரசமைப்பின் ஒன்பதாவது பிரிவை வாசித்தார்.
ஆங்கிலத்தில் அது மறுப்பில் தொடங்குகிறது.
முதல் சொல்லே வாசலில் நின்று
கை நீட்டித் தடுத்துவிடுகிறது.

தமிழில் அப்படியில்லை.
யாரை, எதை, எதன்படி அன்றி,
எல்லாரையும் உள்ளே விட்டு உட்காரவைத்து
மூச்சு தீரும் இடத்தில்தான்
எழுந்து வருகிறது மறுப்பு:
சட்டத்தின்படி அன்றி
எவரது உயிரையும் உடல் சுதந்திரத்தையும்
பறிக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் நாற்பது வினாடி.
தமிழில் நாற்பத்தொன்றரை.
தொகுப்பறை வெய் ஜியேவுக்குத் தமிழ் தெரியாது,
கடிகாரம் தெரியும்.

"எவரது உயிரையும் உடல் சுதந்திரத்தையும்
பறிக்கக்"

என் நா மேலே ஒட்டிய இடத்தில் வெட்டு.
அடுத்த நொடி, வேறொரு குரல், நீலநிற வரைபடம்:
நாளை பிற்பகல் தீவின் மேற்குப் பகுதியில்
இடியுடன் கூடிய மழை.

மேலாளர் கவனிக்கவில்லை.
பேராசிரியர் அறிய வழியில்லை.
ஒரே ஓர் அழைப்பு வந்தது,
உட்லண்ட்ஸிலிருந்து, அற்புதமேரி என்றார்.

"தம்பி, அந்தம்மா சொன்னது முடியலையே.
பறிக்கக்... அப்புறம் என்ன?
கூடுமா, கூடாதா?"

பின்னால் மின்விசிறி கிறீச்சிட்டது.
யாரோ தொலைக்காட்சியின் ஒலியை அணைத்தார்கள்.
அந்த வழக்கில் இருப்பவன் அவருக்கு யார்
என்று நான் கேட்கவில்லை.
அவர் மூச்சு
பதிலுக்காக நின்றிருந்தது.

மறுஒளிபரப்பில் திருத்தம் வரும் என்பதுதான்
நான் சொல்ல வேண்டியது.
அச்சடித்த அட்டை மேசையில் ஒட்டியிருக்கிறது.

"கூடாதும்மா" என்றேன்.

"கூடாதுல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
வைத்துவிட்டார்.

அதன் பிறகே உறைத்தது.
சட்டத்தின்படி அன்றி.
அதை நான் சொல்லவே இல்லை.
அந்த இரண்டு சொல்லுக்குள் எது சட்டம்
என்று கேட்டுக்கேட்டுத்தான்
இங் ஸ்வீ லினுக்குத் தலை நரைத்தது.
நானோ ஒரு மூச்சில்
அரசமைப்பையே திருத்திவிட்டு
ஹெட்ஃபோனைக் கொக்கியில் மாட்டுகிறேன்.

எண் திரையில் இருக்கிறது.
திரும்ப அழைக்கலாம்.