காது யானைக்கு

டெனிஸ்டன் சிப்பில் ஏற்றித் தந்தது பதினொரு படம்.
"சண்டை, காதல் ஒண்டும் இல்லை அக்கா.
ஆடுறவை, பாடுறவை, படம் கீறுறவையைப் பற்றின விவரணம்.
நித்திரை வந்தால் என்னைப் பேசக் கூடாது" என்றான்.
நித்திரை வரக்கூடாதென்றுதான் வாங்கினேன்.

முத்தையன்கட்டு வாய்க்காலின் கடைசி மதகுக்கு அப்பால்
இரண்டு ஏக்கர் குத்தகைக் காணி.
கதிர் பால் பிடிக்கிற கிழமை.
காட்டுக்கரை வேலியில் மின்சாரம்
இருக்கிற நாளும் உண்டு.
பரணில் நான், ஒரு ரோச், நாலு யானைவெடி,
தட்ட ஒரு தகரம்,
முப்பத்தொரு வீதம் பற்றரி.

சத்தம் வைக்க ஏலாது.
கண்ணை எதற்கும் கொடுக்கலாம்.
காது யானைக்கு.

அப்படித்தான் பார்த்தேன் அந்த வயலின்காரியை,
ஒரு பொட்டு ஒலி இல்லாமல்.
எந்த நாடோ தெரியாது. சன்னலுக்கு வெளியே பனி.
எழுபது வயதிருக்கும்.
கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை.
வில்லுக்குப் பிசின் தேய்க்கிறாள்,
அரிவாளுக்கு அரம் போடுகிற மாதிரி, அவசரமில்லாமல்.
தாடைக்குக் கீழே கறுத்த ஒரு தழும்பு,
வாத்தியம் வருசக்கணக்காய் இருந்த இடம்.
என் தோளிலும் இருக்கிறது ஒன்று,
மருந்துத் தாங்கியின் வார் அறுத்தது.
அதைக் கிட்டப் போய் ஆரும் படம் பிடித்ததில்லை.

தொடங்குகிறாள். நிற்கிறாள்.
தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குகிறாள்.
அதே இடம். நிற்கிறாள்.
என்ன பிழையென்று எனக்கெப்படித் தெரியும்?
உதடு மட்டும் கொஞ்சம் கோணும்,
கறியில் உப்புப் பார்த்தவளுக்குக் கோணுகிற மாதிரி.
எண்ணினேன். பத்தொன்பது தரம்.
இருபதாவதில் நிற்கவில்லை.
அதற்காக முகத்தில் ஒரு வெற்றியும் இல்லை,
எழும்பிப் போய்க் கேத்திலை வைத்தாள்.

பசளைக் கணக்கு எழுதுகிற சீ.ஆர். கொப்பியின்
பின்பக்கத்தில் கிடக்கின்றன என் வரிகள்.
ஒருவருக்கும் காட்டியதில்லை.
மழைக்கு முதல் மண் மூச்சை அடக்கும், என்றொன்று.
போன மாதம் எழுதி, இரண்டு தரம் வெட்டி,
வராட்டில் போ என்று விட்டது.
இரண்டு தரம்!
பரணில் தனியே இருந்து வெட்கப்பட்டேன்.

ரோச்சைப் பல்லில் கடித்தபடி
மூன்றாம் தரம் எழுதினேன். நாலாம் தரம்.
மூச்சு பொய். மண் மூச்சு விட்டதை ஆர் கண்டது?
வெட்டினேன்.
ஏழாம் தரத்தில் மழையும் போனது.
மண் மட்டும் நின்றது.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை
ஆரும் லேசாக எழுதிவிட ஏலாது.
பேனையை மூடினேன்.

பாலைமரப் பக்கம் ஒரு கொப்பு முறிந்தது.

போனைக் கவிழ்த்துவிட்டுத் தகரத்தை எடுத்தேன்.
வழமையாய்க் கைக்கு வந்தபடி அடிப்பேன், கத்துவேன்.
அன்றைக்கு என்னவோ
அடித்தேன், நிறுத்தினேன்.
திரும்ப அடித்து அதே இடத்தில் நிறுத்தினேன்.
இருட்டுக்குள் அதுவும் நின்றது.
காது விரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.
மணம்தான் வந்தது, ஈரச் சாக்கும் சாணியும்.
எத்தனை தரமென்று இந்தமுறை எண்ணவில்லை.
பக்கத்துக் காணிச் சிவநேசன்
"என்ன மச்சாள், தாளம் பிழைக்குதோ?" என்று கத்தி
வெடியொன்றைக் கொளுத்தி எறிந்தார்.
யானை போனது,
ஒரு வரம்பையும் ஒரு மூலை நெல்லையும் மிதித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் கடையில்
டெனிஸ்டனின் ஹெட்போனைப் போட்டு
அதே படத்தைச் சத்தத்தோடு பார்த்தேன்.
அவள் வில்லை எடுக்க முதலே
ஓர் ஆண்குரல் வந்து குந்திக்கொண்டது.
இங்கிலிஸ். எனக்கு விளங்கின மட்டுக்கும்
தவம், அர்ப்பணிப்பு என்ற மாதிரி ஏதோ.
அவள் நிற்கிற இடம் வந்தும் அது நிற்கவில்லை.
பத்தொன்பது தரத்துக்கும் மேலாலே பேசியது.

கழற்றிக் கொடுத்தேன்.
"நல்லாயில்லையோ அக்கா?"
"மற்றப் பத்தையும் இனித்தான் பாக்கவேணும்.
இரவைக்குப் பாத்துக்கொள்ளுறன்."

கொப்பியில் இன்னும் அந்த ஒரு சொல்தான்.
அதுக்குக் கீழே, மறக்கக்கூடாதென்று,
யூரியா இரண்டு மூடை, கடன்.