வந்த வரிசை

சுற்றாடல் பாடம், தரம் ஐந்து.
"எமது நாடு பல இனங்கள் வாழும் நாடு" என்று
ஒரே வரியில் முடித்துவிட்டுப்
படத்துக்குப் போய்விடுகிறது புத்தகம்.
படத்தில் நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள்.
நான்கு பேருக்கும் ஒரே மூக்கு.

இந்த ஒற்றை வரியை நாற்பது நிமிடத்துக்கு
எப்படி இழுப்பது?
அப்புத்தளைக்கு அன்று அபூர்வமாய் வெயில்.
மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுச் சொன்னேன்:
"உங்கட குடும்பம் இந்த நாட்டுக்கு
வந்த வரிசையில் நில்லுங்க.
முதலில் வந்தவர் முன்னால்."
சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது
கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டேன் என்று.

சந்துனி நேரே கோட்டுக்குப் போனாள்.
"எங்கப்பா சிங்களம். நாங்கதான் முதல்."
"எதுல வந்தீங்க?"
"கப்பல்ல."
"அப்ப நீயும் வந்தவதான்" என்றான் தர்மிகன்.
வேடர்கள் என்றேன் மெதுவாக.
எங்கள் வகுப்பில் யாருமில்லை.
மனமில்லாமல் ஓரடி பின்வாங்கினாள்.

"எங்கட வாப்பாட ஆக்கள் பாய்க்கப்பல்ல வந்த"
ருஷைதா தோளால் இடித்து இடம் செய்தாள்.
சால்தீன் யாவாவிலிருந்து.
ஒல்லாந்தன் சிப்பாயாகக் கூட்டிவந்தானாம்,
திரும்பிப் போகக் கப்பல் தரவில்லையாம்.
"மலே அச்சாறு உங்க வீட்டுலதானே?
அப்ப நீ கொஞ்சம் முன்னுக்கு வா."
அச்சாறுக்காக
இருநூறு வருடம் முன்னேறினான் சால்தீன்.

தேயிலையையும் நிற்க வை என்றார்கள்.
சீனாவிலிருந்து வந்ததாம், கோப்பி செத்த பிறகு.
வேலியோரத்து யூகலிப்டசுக்கு
விசா இருக்கிறதா என்று
யாரோ கேட்டு யாரோ சிரித்தார்கள்.

கவிஷ்ணா சிரிக்கவில்லை.
"எங்காளுங்க கோப்பிக் காலத்துல
மன்னார்லருந்து காட்டு வழியா நடந்து வந்தாங்க டீச்சர்.
பாதி வழியில செத்துப்போனவங்க
வந்தவங்களா, வராதவங்களா?"

நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
தனக்கு முன்னால்
ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு
நின்றுகொண்டாள்.
அந்த இடத்தை
யாரும் இடித்து நிரப்பவில்லை.

அஜிந்தன் அன்றும் பிந்தித்தான் வந்தான்.
தங்கச்சியைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு
வருகிறவனிடம் காரணம் கேட்பதில்லை.
வரிசையைப் பார்த்தான்.
"குவைத்துலயும் இப்பிடி நிக்க வெப்பாங்களா டீச்சர்?
எங்கம்மா எத்தனையாவது?"

தண்ணிக் குழாய் வரை நடந்துபோய்
எல்லாருக்கும் பின்னால், வெகுதூரம் பின்னால்
தனியாக நின்றான்.
"அம்மாவுக்கு இடம் பிடிக்கிறேன்."

சந்துனிதான் முதலில் கலைந்தாள்.
அண்ணன் கொரியாவில், கார் உதிரிப்பாகக் கம்பனியில்.
ஓடிப்போய் அஜிந்தனுக்குப் பின்னால் நின்றாள்.
சால்தீனின் மாமி மெல்போர்னில்.
ருஷைதாவின் வாப்பா கட்டாரில்.
கவிஷ்ணாவின் சொந்தங்கள்
தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரி போனவர்கள்.
அங்கே இன்னமும்
சிலோன்காரங்க என்றுதான் பேராம்.

இப்போது குழாயடியில் தள்ளுமுள்ளு.
கடைசி இடத்துக்குச் சண்டை போடும் பிள்ளைகளை
பத்து வருட வேலையில்
அன்றுதான் பார்த்தேன்.

சுண்ணாம்புக் கோட்டில் ஒருவருமில்லை.

"என்ன வரிசை இது, எது முன்னுக்கு?" என்று
அலுவலக ஜன்னலிலிருந்து அதிபர் கத்தினார்.
கேட்காதது மாதிரி இருந்தேன்.

"நீங்க எங்க நிப்பீங்க டீச்சர்?"

தியத்தலாவை ஆஸ்பத்திரியில் பிறந்தேன்.
பிரசாவுரிமைக் கடதாசி வந்தபோது
பதினொரு வயது.
அந்தப் பதினொரு வருடமும்
இந்த மலையில்தான் இருந்தேன்,
ஆனால் வரவில்லை.

மணி அடித்தது.
பாடக்குறிப்பில் "அடைவு" என்ற கூட்டில்
திகதி மட்டும் எழுதினேன்.
கையெல்லாம் சுண்ணாம்பு.