பூச்சியம்

சல்லிக் கடற்கரை, இரவு ஏழு மணி.
வலது காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு
பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்:
நுளம்பு வந்து காலில் குந்தவேண்டும்,
அது குத்த முன்னம்
கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து
படிவத்தில் எண்ணிக்கை எழுதவேண்டும்.

கச்சான் அடிக்கிறது.
நாலு நாளாய் ஓயாமல்,
கன்னியாப் பக்கத்துக் காட்டுச் சூட்டை
அப்படியே அள்ளிவந்து கடலில் கொட்டுகிறது.
தேத்தண்ணிக்குள் மணல்.
ஏழிலிருந்து எட்டு: பூச்சியம்.
எட்டிலிருந்து ஒன்பது: பூச்சியம்.

நிஸ்தார் அடுத்த கதிரையில்,
மடியில் ஒரு சரை கச்சான் கொட்டை.
"காத்துக்கும் கச்சான், இதுக்கும் கச்சான்.
ஒண்டு பல்லுக்குள்ள நிக்கிது, மற்றது கண்ணுக்குள்ள."
கோதை உடைத்து ஊதுகிறான்.
ஊதத் தேவையே இல்லை.
"பூச்சி இல்லாட்டிப் பூச்சியம்.
ஆரோ யோசிச்சுத்தான் பேர் வச்சிருக்கான்."

இரண்டரை மில்லிகிராம் உடம்பு,
முருங்கையை முறிக்கிற காற்றில் என்ன செய்யும்?
ஆனால் கதை பாரத்தோடு முடியவில்லை.
தூரத்தில் நிற்கிறபோது
அது எங்களைக் கண்ணால் தேடுவதில்லை.
நாங்கள் விடும் மூச்சு ஒரு நூலாய் நீள,
அந்த நூலைப் பிடித்து
வளைந்து வளைந்து வந்து சேரும்.
கச்சான் நூலை அறுத்துவிடுகிறது.
என் மூச்சையும் நிஸ்தாரின் மூச்சையும்
கொட்டைக் கோதையும் ஒன்றாய்க் கலந்து
இருட்டுக்குள் எறிகிறது.
இந்நேரம் ஆழத்தில் வலை போட்டிருக்கும் எவனோ
என் வியர்வையை மணந்துகொண்டிருப்பான்.

பதினொன்றரைக்கு ஒன்றுக்குப் போக எழும்பி
கவிழ்த்து வைத்த வள்ளத்தின் பின்னால் ஒதுங்கினேன்.
காற்று நின்றது.
நின்றது என்றால், கதவு சாத்தினதுபோல.
இரைச்சல் தலைக்கு மேலால் போனது.
பிறகு அந்த மற்ற இரைச்சல்,
காதோரம், மெல்லிசாய்.
டோர்ச் அடித்தேன்.
தார் பூசிய பலகை முழுக்க அவை,
பின்னங்கால் தூக்கி, அடுக்கடுக்காய்,
பஸ்ஸுக்கு நிற்கிற சனம்போல அவசரமில்லாமல்.

ஏழிலிருந்து நான் எழுதிய பூச்சியம் எல்லாம்
பத்தடி தள்ளிக் குந்தியிருந்திருக்கிறது.

"எழுதுவமா?" என்றான் நிஸ்தார்.
படிவத்தில் காலுக்கு ஒரு நிரல் உண்டு.
மணிக்கு, வெப்பத்துக்கு, காற்றுக்கு உண்டு.
வள்ளத்தின் பின்பக்கத்துக்கு இல்லை.
கதிரையை நகர்த்தவும் கூடாது, அது சட்டம்.

போன தை மாதம்
வாடை களைத்துப்போய் நின்ற ஒரு கிழமை.
அது பகல் நுளம்பு, வேறு சாதி, தெரியும்.
லக்சிகாவுக்குப் பிளேட்லட் முப்பத்தெட்டாயிரம்.
பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து
பூச்சாடி, பீலி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்த்தார்.
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை எங்கள் வளவில்.
"பின்னே எப்பிடி?" என்று என்னைக் கேட்டார்,
என் வேலை தெரிந்தும்.
பக்கத்து வீட்டார் மேல்மாடி எழுப்பின பிறகு
பாலையூற்றில் எங்கள் முற்றத்துக்கு
கச்சானும் இல்லை வாடையும் இல்லை.
கொடியில் போட்ட சீலை
போட்டபடி தொங்கும்.
அவருக்கு அதைச் சொல்ல
அப்போது எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு இருபதுக்குக் காற்று விழுந்தது.
பதினொரு நிமிடம்.
வந்தன.
குழாய் போதவில்லை, நிஸ்தார் தன்னுடையதைத் தந்தான்.
நாற்பத்தாறு.
இரண்டு குத்திவிட்டுத் தப்பின, அவற்றையும் சேர்த்தால்.
பிறகு மறுபடி கச்சான், மறுபடி மணல்.

விடிய, "குறிப்பு" என்ற ஒடுங்கிய கட்டத்துக்குள்
எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்:
வள்ளத்தின் மறைவில் ஏராளம்.
எண்ணப்படவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்
மூன்றாம் குறுக்குத் தெருவில் இறங்கி
பதினைந்து மீற்றர் வயர் வாங்கினேன்.
மேசை விசிறியை முற்றத்துக்கு இழுத்துவந்து
மாமரத்தடியில், படிக்கிற பிள்ளையின் காலடியில் வைக்க.
கடைக்காரன் கேட்டான், வெளியில் எதற்கு விசிறி என்று.
"காத்து வாறேல்ல" என்றேன்.
மீதிக் காசைத் தந்தான்.
அவனுடைய கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த ரசீதுகள்
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.