மீட்டர் அறை

ரோலாவில், போர்வைக் கடைக்கு மேலே,
பத்தொன்பது வருடமாக டைப்பிங் சென்டரில் இருக்கிறேன்.
விசா, புதுப்பித்தல், ரத்து.
பெயர், தாயின் பெயர், நுழையும் தேதி.
ஒரு கட்டம் விடுபட்டாலும் திரை சிவக்கும்.

நேற்று என் மகள் சுமையா
கணக்கு நோட்டைத் திருப்பிப் பிடித்தபடி வந்து
“வாப்பா, இத டைப் பண்ணித் தாங்க, நாவல்” என்றாள்.
ஊதா ஜெல் பேனா. நாற்பத்தொரு பக்கம்.
“ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தருவா?”
“கஸ்டமர்கிட்ட வாங்குறதுல பாதி.”

கதை எங்கள் கட்டடத்தில்தான் தொடங்குகிறது.
அபு ஷகாரா, நாலாம் மாடி, லிஃப்டுக்கு இடப்புறம்
மண்டையோடும் மின்னலும் வரைந்த மீட்டர் அறைக் கதவு.
அரபியில் ‘கதர்’ என்று எழுதியிருக்கும்: ஆபத்து.
அவள் அதை ஒரு நாட்டின் பெயராக்கிவிட்டாள்.
“கதர்னா வேட்டித் துணில்லா” என்றேன்.
“டைப் மட்டும் பண்ணுங்க.”

கதரில் தினமும் அஸருக்குப் பிறகு மழை.
வீடுகளுக்கு நடுவில் பிளைவுட் தட்டி கிடையாது.
பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்
அது இருமலாக வராது, கிளியாக வரும்.
ஒட்டகங்களுக்கு ஏழு மாடி,
உள்ளே லிஃப்ட் உண்டு, ஒருநாளும் பழுதாகாது.
மீட்டர்கள் பின்னோக்கி ஓடும்;
மாதக் கடைசியில் அரசாங்கம் கதவைத் தட்டிக்
காசு கொடுத்துவிட்டுப் போகும்.
(சிரித்துவிட்டேன். இரண்டு எழுத்துப் பிழை விழுந்தது.)
காவலுக்கு ஒரு பூனை.
பாஸ்போர்ட் கேட்பதில்லை.
“முப்பது கிலோவுக்குள் அடங்காதது எதை விட்டு வந்தாய்?”
அது ஒன்றுதான் கேட்கும்.

ஏழாம் பக்கத்தில் முதல் பையன் உள்ளே போகிறான்.
பெயர் ஆல்வின்.

விரல் நின்றது.

பக்கத்து ஃபிளாட் ஆல்வின். மார்த்தாண்டத்துப் பிள்ளை.
ரமலான் பதினேழில் நோன்புக் கஞ்சி கொடுக்கப் போனபோது
பூட்டு தொங்கியது என்பதுதான் அவளுக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்தது அதற்கு நான்கு நாள் முந்தையது.
அவன் அம்மா என் முன்னால்
பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்க,
ரத்துப் படிவத்தில் மூன்று பெயர்களை அடித்தேன்.
கணவர் பெயரை அடிக்கவில்லை.
பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு வேறு படிவம்,
அது எங்கள் கடையில் கிடையாது.
“புள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் அண்ணே” என்றார்.
கட்டணம் வாங்கவில்லை.
அதை ஒரு நல்ல காரியம் என்று
அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நாவலில் ஆல்வின் எதையும் எடுத்துப் போகவில்லை,
சைக்கிள் மணியைத் தவிர.
கதரில் வழி தவறும் பிள்ளைகளுக்காக
ஒவ்வொரு மழையிலும் அதை அடிக்கிறான்.
இந்தப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும்
மழைச் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறான்.

“எப்ப திரும்புறான்? தேதியே இல்லையே?”
“அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும் வாப்பா.”
“காலியா விட்டா சிஸ்டம் எடுக்காதும்மா.”
“எடுக்கும்” என்றாள், வாயில் பற்பசை நுரையோடு.

அவள் தூங்கியபின் கீழே போனேன்.
படிக்கட்டடியில், தண்ணீர் கேன்களுக்குப் பின்னால்
அவன் சைக்கிள்.
சீட்டில் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி.
கைப்பிடியில் மட்டும் ஓரிடம்
வட்டமாக, பளபளவென்று.
மணி இல்லை.
ஒரு வாரமாக நான் தேடிய ஸ்க்ரூடிரைவர்
பின்சக்கரத்தடியில் கிடந்தது.

துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
லிஃப்ட் வரவில்லை.
நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
கதவுக்குப் பின்னால் மீட்டர்கள் ரீங்கரித்தன.
எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று
வெளியில் நின்று சொல்ல முடியாது.